ஓடி வருகிற கூட்டம்

(கோவையில் சிறு பட்டறை உரிமையாளர்களும் தொழிலாளர்களும் கூடியிருந்த அரங்கில், பணியிட முதலுதவிப் பயிற்சி குறித்து ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இன்று சனிக்கிழமை, சம்பள நாள். வாங்கின காசோடு நேராக வீட்டுக்குப் போகாமல் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் என்னைத் திட்டுவார்கள் என்று தெரியும். அதனால் சுற்றி வளைக்காமல் நான் செய்த ஒரு தப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

1994. எனக்குப் பத்தொன்பது வயது. மோட்டாருக்கு ஸ்டாம்பிங் அடிக்கிற ஒரு பட்டறையில் ஹெல்பர். பக்கத்து பவர் பிரஸ்ஸில் ஒரு அண்ணன் இருந்தார். சாயங்காலம் நாலரை மணி, டீ வந்து ஆறிக்கொண்டிருக்கிற நேரம். டையில் தகடு ஒட்டிக்கொண்டது. விரலால் நெம்பினார். கால் பெடல் மேலேயே இருந்தது. வலது கை ஆள்காட்டி விரல், இரண்டாவது கணுவோடு போய்விட்டது.

பதினேழு பேர் வேலை செய்த பட்டறை. மீதிப் பதினாறு பேரும் ஓடி வந்தோம். ஒருவர் கையில் கிடைத்த பனியன் வேஸ்ட்டை எடுத்துச் சுற்றினார். அதில் காலையிலிருந்து ஆயில் துடைத்திருந்தோம். ஒருவர் சோடா வாங்க ஓடினார். ஒருவர் முகத்தில் தண்ணீர் அடித்தார். அந்த அண்ணனுக்கு மயக்கமே இல்லை, முழித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனாலும் அடித்தார். நான் மட்டும் புத்திசாலி. துண்டான விரலை ஐஸில் வைத்தால் ஒட்டவைக்கலாம் என்று எங்கேயோ கேட்டிருந்தேன். தெருமுனை ஜூஸ் கடைக்கு ஓடி, ஐஸ் கட்டியை உடைத்து வாங்கி, பாலித்தீன் பைக்குள் கொட்டி, அதன் நடுவில் விரலைப் புதைத்து எடுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பையைப் பிரித்துப் பார்த்தார். விரல் சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, விறைத்துப் போயிருந்தது. "யாருப்பா ஐஸ்ல போட்டது?" என்று கேட்டார். "நான்தானுங்க சார்" என்றேன், ஏதோ பரிசு கொடுக்கக் கூப்பிட்ட மாதிரி. அவர் திட்டவில்லை. "நல்ல எண்ணத்துலதான் பண்ணியிருக்கே தம்பி. ஆனா வெரலு ஐஸ்லயே வெந்துபோச்சு" என்றார்.

அந்த அண்ணன் இன்றைக்கும் இருக்கிறார். வேறொரு இடத்தில் ஸ்டோர் கீப்பர். டீ கிளாஸைக் கட்டைவிரலாலும் நடுவிரலாலும் பிடிப்பார். என்னைப் பார்த்தால் நன்றாகத்தான் பேசுவார். நான்தான் அந்த கிளாஸைப் பார்க்காமல் பேசப் பழகிக்கொண்டேன்.

முதலில் அந்தக் கடனை அடைத்துவிடுகிறேன். விரல் துண்டானால், சுத்தமான துணியைத் தண்ணீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, அதில் விரலைச் சுற்றுங்கள். அதை ஒரு பாலித்தீன் பையில் போட்டுத் தண்ணீர் புகாமல் வாயைக் கட்டுங்கள். ஐஸும் தண்ணீரும் கலந்த இன்னொரு பையிலோ தூக்குவாளியிலோ அந்தப் பையை வையுங்கள். விரலுக்குக் குளிர்ச்சி வேண்டும், ஆனால் ஐஸ் அதைத் தொடக்கூடாது. எத்தனை மணிக்கு நடந்தது என்று பையின் மேல் எழுதுங்கள். விரலில் தசை கிடையாது, தோலும் எலும்பும் நரம்பும்தான். அதனால் குளிர்ச்சியில் வைத்திருந்தால் பன்னிரண்டு மணி நேரம் தாண்டிக்கூடத் தாங்கும். முழங்கையோடு போனால் கதை வேறு. தசைக்கு ரத்த ஓட்டம் இல்லாமல் ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆனால் கஷ்டம். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் ஆர். வெங்கடசாமி கை அறுவைக்கென்று தனிப் பிரிவு தொடங்கியது 1971-ல். நம்முடைய கங்கா மருத்துவமனைக்கு இந்த வேலையைக் கற்றுக்கொள்ள வெளிநாட்டு டாக்டர்கள் வருகிறார்கள். ஒட்டவைக்கிற கை ஊருக்குள்ளேயே இருக்கிறது. நாம்தான் பட்டறைக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் விரலைக் கெடுத்துவிடுகிறோம்.

பணியிட முதலுதவி என்றால், "ஆபத்தில் இருப்பவருக்கு உதவ முன்வாருங்கள்" என்றுதான் போஸ்டர் ஒட்டுகிறார்கள். நம் ஊருக்கு அந்த போஸ்டர் தேவையில்லை. ஒரு சத்தம் கேட்டால் நாலு பட்டறை ஆட்கள் ஷட்டரைக்கூட இறக்காமல் ஓடி வருகிற ஊர் இது. முன்வராதது இங்கே பிரச்சினையே இல்லை. வந்த கையோடு என்ன செய்கிறோம் என்பதுதான் பிரச்சினை. இருபது வருசமாகப் பயிற்சி கொடுத்ததில் நான் பார்த்தது, கற்றுக்கொடுக்க வேண்டியது பாதி என்றால் மறக்கடிக்க வேண்டியது பாதி.

வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிறோம். என் வகுப்பில் ஒருவர் கேட்டார், "சாவி குடுத்தா நின்னுருதுங்களே சார்?" நிற்கும். பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகவே நின்றுவிடும். சாவி தேடி எடுத்து வர அவ்வளவு நேரம் ஆகிறது, பெயர் சாவிக்குப் போகிறது. அந்த நேரத்தில் பக்கத்தில் இருக்கிற கிரைண்டரை அணைத்து, தலைக்குக் கீழே ஒரு சட்டையை மடித்து வைத்து, உதறல் நின்றதும் ஒருக்களித்துப் படுக்கவைத்தால் போதும். வாய்க்குள் எதையும் விடக்கூடாது. கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் தாண்டினால் 108.

சோடாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதை ஊற்றினாலும் அது நுரையீரலுக்குப் போகும் வாய்ப்பு உண்டு. சோடாவை வாங்கி வந்தவரே குடித்துக்கொள்ளட்டும், ஓடிவந்த களைப்பு தீரும். தீக்காயத்துக்கு இங்க், பேஸ்ட், மஞ்சள், மாவு எதுவும் வேண்டாம். குழாயைத் திறந்து இருபது நிமிடம் தண்ணீரில் காட்டுங்கள். ஃபவுண்டரிக்காரர்கள் இதை மட்டுமாவது மனதில் வையுங்கள். இருபது நிமிடம் என்பது நின்று பார்த்தால்தான் எவ்வளவு நீளம் என்று தெரியும். இரண்டாவது நிமிடமே "போதும், கிளம்பலாம்" என்று யாராவது சொல்வார்கள்.

ரத்தம் வருகிற இடத்தில் துணியை வைத்து அழுத்துவது எல்லோருக்கும் தெரியும். நின்றுவிட்டதா என்று பத்து விநாடிக்கு ஒருமுறை தூக்கிப் பார்ப்பதும் நம் வழக்கம். தூக்கினால் உறைய ஆரம்பித்த ரத்தம் பிய்ந்து வரும். பத்து நிமிடம் தூக்கவே கூடாது. நனைந்தால் மேலே இன்னொரு துணி. அந்தப் பத்து நிமிடம் சும்மா அழுத்திக்கொண்டு நிற்கிறவரைப் பார்த்து, ஒன்றுமே செய்யாமல் நிற்கிறாரே என்று கூட்டம் சத்தம் போடும். நிற்கட்டும், விடுங்கள்.

இப்போது நெஞ்சை அழுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். சி.பி.ஆர். என்றால் ஏதோ மாரடைப்புக்காக டாக்டர்கள் கண்டுபிடித்தது என்று நினைக்கிறோம். அதன் வேர் மின்கம்பத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் 1920-களில் மின்சாரக் கம்பெனிகளின் லைன்மேன்கள் ஷாக் அடித்துச் சாவது பெரிய தலைவலி. அதை ஆராயப் பணம் கொடுத்தார்கள். பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் அந்த வேலையில் இறங்கிய வில்லியம் கூவென்ஹோவன் டாக்டர் இல்லை, எலெக்ட்ரிகல் இன்ஜினியர். நம்ம ஆள். துடிப்பு தாறுமாறாகிவிட்ட இதயத்தை வெளியிலிருந்து ஷாக் கொடுத்து ஒழுங்காக ஓடவைக்கிற கருவி அப்படித்தான் பிறந்தது. அந்தச் சோதனைகளின்போது 1958-ல் நிக்கர்பாக்கர் என்ற இளம் ஆராய்ச்சியாளர் ஒன்றைக் கவனித்தார். கருவியின் கனமான தட்டை நாயின் மார்பில் அழுத்தியதுமே, ஷாக் கொடுப்பதற்கு முன்னாலேயே, ரத்த அழுத்த முள் லேசாக ஏறியது. அப்படியென்றால் வெறும் அழுத்தமே ரத்தத்தைத் தள்ளுகிறது! அதைப் பிடித்துக்கொண்டு அவரும் கூவென்ஹோவனும் ஜூட் என்ற அறுவை மருத்துவரும் சேர்ந்து 1960-ல் கட்டுரை எழுதினார்கள். இனி இதற்கு இரண்டு கை இருந்தால் போதும் என்பதுதான் அதன் சாரம். ஒரு தொழிலாளியின் சாவிலிருந்து கிளம்பிய வித்தை, முப்பது வருசத்துக்கு மேல் சுற்றிவிட்டுத் தொழிலாளியின் கைக்கே திரும்பி வந்தது.

1967 ஜூலையில், புளோரிடாவில் ஜாக்சன்வில் என்ற ஊரில் ராக்கோ மொராபிட்டோ என்ற பத்திரிகைப் புகைப்படக்காரர் ஒரு படம் எடுத்தார். ஷாக் அடித்த லைன்மேன் பாதுகாப்பு பெல்ட்டில் தலைகீழாகத் தொங்குகிறார். இன்னொரு லைன்மேன் கம்பத்தில் ஏறிப் போய், அந்த நிலையிலேயே அவர் வாயில் வாய் வைத்து ஊதுகிறார். அடுத்த வருசம் புலிட்சர் பரிசு வாங்கிய படம். தொங்கியவர் பிழைத்து இன்னும் பல வருசம் வாழ்ந்தார். ஊதியவர் டாக்டரில்லை, நர்ஸில்லை, அதே வேலையில் இருந்த கூட்டாளி. வகுப்பில் இந்தப் படத்தைக் காட்டினால் கைதட்டுவார்கள். நான் கைதட்டலை நிறுத்திவிட்டு, "ஏறுவதற்கு முன்னாடி அவர் என்ன செய்திருக்கணும்?" என்று கேட்பேன். கரண்ட் இருக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும். பிரேக்கரை அணைக்காமல் தொட்டால் கணக்கு இரண்டாகிவிடும்.

எப்போது அழுத்துவது? தோளைத் தட்டிக் கூப்பிட்டால் பதிலில்லை, சரியான மூச்சில்லை, உடனே ஆரம்பிக்க வேண்டியதுதான். இங்கே ஒரு ஏமாற்று உண்டு. இதயம் நின்றவுடன் சிலருக்கு மீன் வாயைத் திறந்து மூடுவது மாதிரி, கொர்ரென்று ஒரு இழுப்பு, நீண்ட இடைவெளி விட்டு இன்னொரு இழுப்பு வரும். "மூச்சு இருக்குதுங்க, குறட்டை விடறாரு" என்று காத்திருப்பார்கள். அது மூச்சில்லை. அந்தக் காத்திருப்பில்தான் பாதிப் பேர் போகிறார்கள் என்பது என் எண்ணம். அழுத்தமும் ஷாக்கும் இல்லாமல் போகிற ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கிற வாய்ப்பு நூற்றுக்கு ஏழிலிருந்து பத்து வரை குறைகிறது. நாலு நிமிடத்தில் மூளை கெட ஆரம்பிக்கும். 108 தமிழ்நாட்டில் 2008-லிருந்து ஓடுகிறது, நல்ல சேவை. ஆனால் நாலு நிமிடத்தில் நம் சிட்கோ தொழிற்பேட்டைச் சந்துக்குள், டெம்போக்களுக்கு நடுவில் புகுந்து வர ஹனுமாரால்தான் முடியும்.

அதனால் ஓடி வந்த கூட்டத்தில் ஒருவரைப் பெயர் சொல்லி, "நீ மெயின் ரோட்டுல நின்னு ஆம்புலன்ஸைக் கூட்டிட்டு வா" என்று அனுப்புங்கள். "யாராவது போங்கப்பா" என்றால் யாரும் போக மாட்டார்கள், அல்லது எல்லோரும் போய்விடுவார்கள்.

திருப்பூரில் ஒரு பின்னலாடைக் கம்பெனியில் வகுப்பு. தையல் பிரிவில் பெண்கள்தான் அதிகம். சூப்பர்வைசர்கள், மெக்கானிக்குகள் ஆண்கள். பொம்மையில் எல்லோரும் நன்றாக அழுத்தினார்கள். கடைசியில் கேட்டேன்: "டெய்லர் அக்கா ஒருத்தர் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்துட்டாங்க. யார் அழுத்துவீங்க?" ஆண்கள் எல்லாம் தரையைப் பார்த்தார்கள். பின்னாலிருந்து ஒரு அம்மா சொன்னார், "தொட மாட்டாங்க சார். நாளைக்கு மாலை வாங்கிட்டு வருவாங்க." சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் அன்றிலிருந்து பயிற்சிக்குப் பத்துப் பேர் அனுப்பினால் அதில் பாதிப் பேராவது பெண்களாக இருந்தால்தான் வருவேன் என்று எழுதிக் கேட்கிறேன். ஆண்களுக்கும் ஒரு பெண் பொம்மையில் பழக்கம் வேண்டும். பொம்மை என்றதும் நினைவு வருகிறது. உலகம் முழுக்க இந்தப் பயிற்சிக்கு ஓடுகிற பொம்மையை 1960-ல் செய்தவர் நார்வே நாட்டு ஆஸ்முண்ட் லேர்டால். அவர் தொழில் விளையாட்டுச் சாமான் செய்வது! அதற்கு அவர் வைத்ததே ஒரு பெண்ணின் முகம்தான்.

அடுத்து நான் சொல்லப்போவதைக் கொஞ்சம் கோபமாகவே சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சாக்கடைத் தொட்டி, சாயப்பட்டறைக் கழிவுத் தொட்டி, செப்டிக் டேங்க். உள்ளே இறங்கியவர் பேச்சு மூச்சில்லாமல் சாய்கிறார். மேலே நின்ற தம்பி குதிக்கிறான். அவனைத் தூக்க மூன்றாவது ஆள். மறுநாள் பேப்பரில் மூன்று போட்டோ. வருசா வருசம் படிக்கிறோம். இவர்களில் ஒருவர்கூடச் சுயநலக்காரர் இல்லை. அந்தத் தொட்டியில் இருப்பது ஹைட்ரஜன் சல்ஃபைடு. கொஞ்சமாக இருந்தால் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். அதிகமானால் மோப்ப நரம்பையே மரத்துப்போகச் செய்துவிடும், நாற்றம் தெரியாது. "இப்ப வாடை இல்லை, இறங்கலாம்" என்று சொல்வது அந்த நேரத்தில்தான். விளக்கைக் கட்டி இறக்கிப் பார்க்கிற பழைய பழக்கத்தையும் நம்பாதீர்கள். பிராணவாயு இருந்தால் விளக்கு எரியும், கூடவே விஷவாயுவும் இருக்கலாம். எரிகிற வாயு இருந்தால் விளக்கே தீ வைக்கும். பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்கிக் கழிவைச் சுத்தம் செய்யவிடக் கூடாது என்று 2013-லேயே சட்டம் வந்துவிட்டது. அதையும் மீறி யாராவது உள்ளே விழுந்துவிட்டால், மேலே நிற்பவரின் முதலுதவி இறங்காமல் இருப்பது. கத்துங்கள், தீயணைப்புக்கு 101-ஐக் கூப்பிடுங்கள், மூச்சுக்கருவி உள்ளவர் வரும் வரை குதிக்கப்போகிறவனின் இடுப்பைக் கட்டிப் பிடியுங்கள். அண்ணன் உள்ளே கிடக்கும்போது தம்பியைப் பிடித்து நிறுத்துவது இருக்கிறதே, இதை ஒரு மணி நேர வகுப்பில் எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஆனாலும் ஆளுக்கு ஆள் இடுப்பைப் பிடித்து இழுக்கிற ஒத்திகையை வைக்கிறேன். முதலில் விளையாட்டாக இருக்கும். பிறகு யாரும் சிரிப்பதில்லை.

முதலாளிமார் கடிகாரத்தைப் பார்க்கிறீர்கள். முதலுதவிப் பெட்டிக்கு வருகிறேன்.

1948-ம் வருசத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தில் 45-வது பிரிவு இருந்தது. 150 தொழிலாளருக்கு ஒன்றுக்குக் குறையாமல் முதலுதவிப் பெட்டி. ஒவ்வொரு பெட்டிக்கும் தனியாக ஒரு பொறுப்பாளர். அவரிடம் அரசு ஏற்ற முதலுதவிச் சான்று இருக்க வேண்டும், வேலை நேரம் முழுக்கக் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்றது அது. அந்தப் பிரிவில் எனக்குப் பிடித்தது இன்னொரு வரி. குறித்த பொருள்களைத் தவிர வேறு எதையும் பெட்டியில் வைக்கக்கூடாது என்று எழுதியிருந்தது. எழுதியவர் நம் பட்டறைகளைப் பார்த்துவிட்டுத்தான் எழுதியிருக்க வேண்டும். நான் திறந்து பார்த்த பெட்டிகளில் இருந்தவை: ரேஷன் கார்டு, சாமி படம், டீக்கடைக் கணக்கு நோட்டு, கெடு தாண்டிய டிஞ்சர், ஒரு இடத்தில் பாதி வெட்டின எலுமிச்சம்பழம். பிளாஸ்டர் மட்டும் எங்கேயும் இருக்காது. அது முதல் வாரமே தீர்ந்துவிடும். இன்னொரு இடத்தில் பெட்டி பளபளப்பாக இருந்தது, பூட்டியும் இருந்தது. சாவி மேனேஜரிடம். மேனேஜர் கல்யாணத்துக்குப் பொள்ளாச்சி போயிருந்தார். 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 2025 நவம்பரில் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த தொழிற்பாதுகாப்புத் தொகுப்பிலும் பெட்டி வேலை நேரம் முழுக்க எட்டும்படி இருக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. ஆறு பேர், எட்டுப் பேர் வைத்து நடத்துகிற பட்டறைக்குப் பெரிய சட்டங்கள் பல எட்டாமலே போகின்றன. பிரஸ்ஸுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது, விரல் எங்கே இருந்தாலும் வெட்டும்.

சான்றிதழ் யாருக்கு வாங்குவது? பெரும்பாலும் ஆபீஸில் இருக்கிற ஒரு தம்பியை அனுப்புகிறீர்கள். இன்ஸ்பெக்டர் வந்தால் காட்ட வசதி. ஆனால் விபத்து நைட் ஷிப்டில் நடக்கும், அவர் அப்போது தூங்கிக்கொண்டிருப்பார். வாட்ச்மேனை அனுப்புங்கள். கேன்டீன் அக்காவை அனுப்புங்கள். நான் பார்த்ததிலேயே அருமையாக நெஞ்சை அழுத்தியவர் ஒரு மில் கேன்டீனின் பரோட்டா மாஸ்டர். ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாமல் இறங்க வேண்டும், ஆறைத் தாண்டக்கூடாது, நிமிடத்துக்கு நூறிலிருந்து நூற்றிருபது, ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் மார்பு முழுசாக மேலே வர விட வேண்டும். படித்த இன்ஜினியர்கள் முழங்கையை மடக்கி, முப்பதாவதில் தொய்ந்துவிட்டார்கள். மாஸ்டர் தோளிலிருந்து எடையை இறக்கினார். "மாவு மாதிரிதாங்க. கையால பெசஞ்சா வலிக்கும், ஒடம்பால பெசையணும்" என்றார். அதற்குப் பிறகு என் வகுப்பில் நான் அந்த வார்த்தையைத்தான் சொல்கிறேன். அவருக்கும் இரண்டு நிமிடத்தில் களைத்தது. யாருக்கும் களைக்கும். அதனால்தான் ஒரு ஷிப்டுக்கு ஒருவர் தெரிந்திருந்தால் போதாது, மாற்றி மாற்றிச் செய்ய இரண்டு மூன்று பேர் வேண்டும். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பையன்கள் இருக்கிற இடத்தில் அவர்களில் ஒருவர் கட்டாயம் வேண்டும். ஆபத்தில் மொழிபெயர்த்துக்கொண்டிருக்க முடியாது.

ஒருமுறை கற்றால் போதுமா என்றால், போதாது. சான்றிதழின் லேமினேஷன் அப்படியே இருக்கும், கைப்பழக்கம் சில மாதத்தில் போய்விடும். ஆயுத பூஜைக்கு மெஷினைத் துடைக்கிறோம் இல்லையா, அன்றைக்கு அரை மணி நேரம். ஆறு மாதம் கழித்து, சித்திரையில் இன்னொரு அரை மணி நேரம். செலவில்லை. ஹாலில் வேண்டாம், பிரஸ்ஸுக்குப் பக்கத்திலேயே, அந்தச் சத்தத்திலேயே செய்யுங்கள். மெயின் சுவிட்ச் எங்கே என்று கேளுங்கள். மூன்று வருசம் வேலை செய்தவர்கூட யோசிப்பார்.

கடைசியாக, நேரடியாக யாரும் சொல்லாத ஒன்று. 108-ஐக் கூப்பிட்டால் போலீஸ் கேஸாகிவிடும் என்று தெரிந்த கிளினிக்குக்குச் சொந்தக் காரில் தூக்கிப் போகிறோம். காரின் பின் சீட்டில் யாரும் நெஞ்சை அழுத்த முடியாது. அந்த கிளினிக்கில் வசதி இல்லை என்று அங்கிருந்து வேறு இடம், இப்படியே ஒரு மணி நேரம். உயிருக்கு ஆபத்தான நிலையில் வருபவருக்கு முதலில் சிகிச்சை, மற்றதெல்லாம் பிறகு என்று பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. ஆள் பிழைத்தால் கேஸ் சின்னதாகும். இதைக் கணக்காகவே சொல்கிறேன், உங்களுக்குக் கணக்கு நன்றாக வரும்.

பேச்சு போதும். மேடைக்குக் கீழே நாலு பொம்மை கிடத்தியிருக்கிறேன், இரண்டு ஆண், இரண்டு பெண். வடை வந்துவிட்டதாகச் சொன்னார்கள், அது காத்திருக்கும். முதலாளிமார் முதல் வரிசையில் வாருங்கள். மோதிரம், வாட்ச் இருந்தால் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். முழங்கையை மடக்காதீர்கள். எண்ணுவதைச் சத்தமாக எண்ணுங்கள், பின்னால் நிற்பவருக்குக் கேட்க வேண்டும்.